பழ ஐஸ்கிரீம் வீட்டில் செய்தால் ஏன் கல்லாகிறது?

8 ஜூன் 2025: ஒரு வாசகரின் கேள்வி

மாம்பழம், முள்சீத்தா, அன்னாசி மூன்றையும் தனித்தனியாக அரைத்து பிரீசரில் வைத்துப் பார்த்துவிட்டேன். மூன்றும் கல். கரண்டி வளைந்ததுதான் மிச்சம். சீனி அதிகம் போடவில்லை, பழமே இனிப்புத்தானே. மெஷின் இல்லாமல் வீட்டில் பழ ஐஸ்கிரீம் செய்ய முடியாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் உண்டா?

8 ஜூன், இரவு 10.40

நான் மறுக்கிறேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, வயதான பிரிட்ஜ், மெஷின் கிடையாது. ஆறேழு வருடமாகச் செய்கிறேன். உங்கள் பிரீசரில் குளிர் போதவில்லை. மெதுவாக உறைந்தால் அப்படித்தான் ஆகும். குமிழைத் திருகிக் கூட்டி வையுங்கள்.

9 ஜூன், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாதி தவறு. குமிழைத் திருகினால் இன்னும் பெரிய கல்தான் கிடைக்கும், தொடாதீர்கள்.

இரண்டு வேறு குறைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். நறநறவென்று பல்லில் படுவது ஒன்று, அது மெதுவாக உறைவதால் வருவது. கரண்டி இறங்காமல் இருப்பது வேறு. அதற்குக் காரணம் சீனி குறைவு.

சீனி நாக்குக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு இன்னொரு வேலை உண்டு. தண்ணீர் உறையும்போது தண்ணீர் மட்டும்தான் ஐஸாகும். கரைந்திருக்கும் சீனியை அது வெளியே தள்ளிவிடும். மிச்சத் தண்ணீரில் சீனி ஏற ஏற, அந்தப் பாகு உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். வீட்டுப் பிரீசரின் மைனஸ் 18 பாகையிலும் கொஞ்சம் பாகு உறையாமல் துகள்களுக்கு நடுவே நிற்கும். கரண்டி இறங்குவது அந்தப் பாகினால்தான். பால் இல்லாமல் பழம் மட்டும் போட்டுச் செய்தால், மொத்தக் கலவையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு சீனி இருக்க வேண்டும். பழுத்த மாம்பழத்தில் தானாக இருப்பது 15, 16 தான். மிச்சத்தை நாம்தான் போட வேண்டும்.

பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். உறைய வைக்கும் முன் சுவை பார்த்து "சரியாக இருக்கிறது" என்றால், உறைந்த பிறகு சப்பென்றிருக்கும்.

14 ஜூன்

அளவு கேட்டவர்களுக்கு. முள்சீத்தாவில் தொடங்குங்கள், பழத்திலேயே சதைப்பற்று இருப்பதால் முதல்முறை செய்பவர்களைக் கைவிடாது. நம் ஆட்கள் பாதிப் பேர் இதை டுரியான் பிலாண்டா என்றுதான் சொல்வார்கள்.

நன்றாகக் கனிந்த பழம், விரல் வைத்தால் அமுங்க வேண்டும். தோலை உரித்து, சதையைச் சல்லடையில் போட்டுக் கையாலேயே பிசைந்து இறக்குங்கள். பிளெண்டரில் அப்படியே தள்ளாதீர்கள், விதை அரைபடக் கூடாது. அது நச்சு, கசப்புக்காக மட்டும் சொல்லவில்லை. 500 கிராம் சதைக்கு 120 கிராம் சீனி, 100 மில்லி தண்ணீர். சீனியைத் தண்ணீரில் கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டுச் சதையில் கலந்து, இரண்டு லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு. பழத்தைச் சூடாக்கவே கூடாது, எந்தப் பழமானாலும் மணம் செத்துவிடும்.

கலவையை முதலில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் அகலமான எவர்சில்வர் தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றி பிரீசரில் வைத்தால் சீக்கிரம் உறையும். ஓரம் கெட்டியானதும் எடுத்து முள்கரண்டியால் கிளறி, திரும்ப வைத்து, மூன்று தடவை. கடைசியாகப் பிளெண்டரில் ஒரு சுற்று. மெஷின் செய்வதும் இதுதான், அது நமக்குப் பதில் நின்று கிளறுகிறது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் "பரிமாறும் முன் மேசையில் பத்து நிமிடம் வைக்கவும்" என்று இருக்கும். பினாங்கு வெயிலில் அப்படி வைத்தால் ஓரமெல்லாம் ஜூஸ், நடுவில் கல். மேசைக்குப் பதில் கீழ்த்தட்டில் இருபது நிமிடம் வையுங்கள்.

20 ஜூன், வெள்ளி

சீனி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய கால வழி ஒன்று உண்டு. கழுவிய பச்சை முட்டையை முழுசாகக் கலவையில் விட வேண்டும். முழுகினால் சீனி போதாது. மேலே இருபது காசு அகலத்துக்குத் தலை காட்டி மிதந்தால் சரி. அதற்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால் சீனி கூடுதல், தண்ணீர் சேர்க்கலாம்.

இதை இன்று செய்து காட்டலாம் என்று முட்டையை எடுத்தேன். வெள்ளிக்கிழமை. மாமியார் அடுப்படி வாசலில் நின்று முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல விடத்தான் போறேன் அத்தை, உடைக்க மாட்டேன்" என்றேன். "விட்டா மட்டும் சைவமாயிடுமா?" என்றார். பதில் இல்லை. மொத்தக் கலவையும் எனக்கும் பேத்திக்கும் என்று ஆகிவிட்டது.

21 ஜூன்

இணையத்தில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிட்டேன். இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சீனி எத்தனை பங்கு என்று கோடு காட்டும். முப்பது ரிங்கிட் சொச்சம். வீட்டில் அமைதிக்கு அந்த விலை தரலாம்.

22 ஜூன்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இனிப்பு குறைவாகவும் வேண்டும், மிருதுவாகவும் வேண்டும், வழி உண்டா?

உண்டு. போடும் சீனியில் கால் பங்கை எடுத்துவிட்டு அதே எடைக்குக் குளுக்கோஸ் பவுடர் போடுங்கள். குளுக்கோஸ் மூலக்கூறு சீனியினுடையதில் ஏறக்குறைய பாதி எடை. அதனால் ஒரே எடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எண்ணிக்கை நீருக்குள் போகிறது, உறைவதை அந்த அளவுக்குத் தள்ளிப்போடுகிறது. இனிப்போ சீனியைவிடக் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது உதவும்.

22 ஜூன், ஒரு மணி நேரம் கழித்து

கடைசி வரியை அடித்துவிடுங்கள். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. குளுக்கோஸ் நேராக ரத்தத்தில் ஏறுவது, நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு நான் இதை எழுதியிருக்கக் கூடாது. வீட்டுக்காரர் படித்துவிட்டு, "அப்போ எனக்கும் ஒரு கிண்ணம் உண்டா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

29 ஜூன்

டுரியான். எல்லோரும் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

பாலிக் புலாவ் பக்கம் பழம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஐஸ்கிரீமுக்கு மூசாங் கிங் ரகம் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அந்தக் கசப்பும் நுணுக்கமும் குளிரில் பாதி அடங்கிவிடும். சாதாரணக் கம்போங் (நாட்டு ரகப்) பழம், கொஞ்சம் அதிகமாகக் கனிந்து விலை இறங்கியது, அதுவே மேல். சிவந்த சதையுள்ள ஆங் ஹே கிடைத்தால் கையால் சாப்பிடுங்கள், பிரீசருக்கு அனுப்பாதீர்கள்.

மற்றப் பழங்களுக்குச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது. டுரியான் சதையில் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்குதான், மாம்பழத்தில் ஐந்தில் நான்குக்கு மேல். டுரியானில் ஐந்து சதவீதம் கொழுப்பு வேறு இருக்கிறது, பழங்களில் அது அபூர்வம். அதனால் பாதி ஐஸ்கிரீமாகவே மரத்திலிருந்து விழுகிறது. 300 கிராம் சதை, 200 மில்லி விப்பிங் கிரீம், 100 கிராம் கெட்டிப்பால் (சீனி சேர்த்த டின் பால்). கிரீமை அடித்து, சதையும் கெட்டிப்பாலும் மசித்துச் சேர்த்து மடித்துக் கலந்து, பிரீசர். கிளற வேண்டியதில்லை, அடித்த கிரீமில் உள்ள காற்று அந்த வேலையைச் செய்துவிடும்.

நான் அப்படிச் செய்யவில்லை. பேத்திக்கு அன்று பள்ளி இல்லை, வாளி முறை பார்க்க வேண்டும் என்றாள். சந்துக்கடையில் ஐஸ் இரண்டு பொட்டலம், மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு, நடுவில் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு. உப்பு ஐஸை உருக்கும், உருக வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து இழுக்கும், அதனால் வாளி முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். எட்டக்கூடிய எல்லை மைனஸ் 21. வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வெப்பம் அளக்கும் கம்பியைச் செருகிப் பார்த்து மைனஸ் 14 என்றார். அவருக்கு அன்று முழுக்க அதுதான் சந்தோஷம்.

அரை மணி நேரம் தூக்கைச் சுழற்றினோம். கெட்டியாக, அழகாக வந்தது. ஆனால் தூக்கின் மூடி இறுக்கமில்லை. உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "டுரியான் தின்னா அந்தத் தோல்லயே உப்புத் தண்ணி ஊத்திக் குடிப்போம்ல, சூட்டுக்கு. ரெண்டையும் ஒண்ணா பண்ணிட்ட" என்றார். நல்ல மனசு. இரண்டாவது வாய் கேட்கவில்லை.

1 ஜூலை

டுரியானைப் பற்றி இன்னொன்று. கண்ணாடி டப்பா, இறுக்கமான மூடி, மேலே பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு டப்பா. நான் மூன்றாவதை விட்டுவிட்டேன். இப்போது ஐஸ் கட்டியில் டுரியான், கீழ்த்தட்டில் இட்லி மாவில் டுரியான். சாமிக்கு எடுத்து வைத்த பாலிலும் இருக்கும் என்று மாமியார் சந்தேகப்படுகிறார். முகர்ந்து பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை.

6 ஜூலை

அன்னாசி. 14 ஜூன் குறிப்பில் எந்தப் பழத்தையும் சூடாக்காதீர்கள் என்று எழுதியதற்கு இன்று தண்டனை.

வேகவைக்காத அன்னாசியை அரைத்துப் பாலும் கிரீமும் சேர்த்து, வழக்கம்போல் இரவு கீழ்த்தட்டில் வைத்தேன். காலையில் தண்ணீராகப் பிரிந்து கிடந்தது. வாயில் வைத்தால் கசப்பு, வேப்பிலைக்குத் தம்பி. அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது, பால் புரதத்தை வெட்டிப்போடும். வெட்டுப்பட்ட துண்டுகள்தான் அந்தக் கசப்பு. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதற்கும் இதற்கு ஒரு பங்கு உண்டு. பப்பாளியிலும் இதே குணமுள்ள இன்னொரு நொதி, நாம் ஆட்டிறைச்சி மெத்தென்று வேகக் காய் பப்பாளி போடுகிறோமே, அதுதான்.

சூடுதான் மருந்து. அரைத்த அன்னாசியைச் சீனியோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். அப்புறம் பாலோ தேங்காய்ப்பாலோ பயமில்லாமல் சேர்க்கலாம். மணம் கொஞ்சம் மாறும், அன்னாசிப் பச்சடி வாசனைக்குப் போகும். ஒரு துண்டு பட்டையைக் கொதியில் போட்டு எடுத்தேன், அந்த மாற்றம் நல்லதாகவே ஆகிவிட்டது. பால் சேர்க்காமல் செய்வதானால் சூடாக்கத் தேவையில்லை. அந்த அளவுக்கு என் பழைய வரி பிழைத்துக்கொள்ளும்.

7 ஜூலை

மங்குஸ்தீன் கேட்டவருக்கு: வேண்டாம். இரண்டு கிலோ உரித்து, விரல் கறுத்து, கிடைத்தது ஒரு கிண்ணம், உறைந்த பிறகு என்ன பழம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரம்புத்தானும் அப்படியே.

19 ஜூலை

ஈப்போ அக்கா ஒருவர், என் டுரியான் அளவுப்படி செய்தேன், ஏதோ மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்கிறார். அக்கா, கெட்டிப்பால் டின், விப்பிங் கிரீம் பெட்டி இரண்டையும் எடுத்துப் படியுங்கள். நாம் கெட்டிப்பால் என்று வாங்குவதில் பெரும்பாலானவற்றின் மேல் "கிரீமர் மானிஸ்", அதாவது இனிப்புக் கிரீமர், என்றுதான் அச்சடித்திருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய். தே தாரிக்குக் குறையில்லை. உறைவதற்கும் குறையில்லை, சீனி அதே சீனிதான். விப்பிங் கிரீமும் அப்படித் தாவரக் கொழுப்பு வகை என்றால்தான் இரண்டும் சேர்ந்து ஒட்டும். அந்த வகை நம் வெக்கையிலும் சுலபமாக நுரைத்து நிற்கும், கேக் கடைக்காரர்கள் விரும்புவது அதனால்தான். பால் கிரீம், 35 சதவீதக் கொழுப்புள்ளது, குளிர்ந்திருந்தால் மட்டுமே நுரைக்கும். பாத்திரத்தையும் அடிக்கும் கம்பியையும் பிரீசரில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு முயற்சி செய்யாதீர்கள்.

தேங்காய்ப்பாலும் மெழுகாகும், அது வேறு காரணம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையிலேயே கட்டிவிடும், பிரீசரில் கேட்கவே வேண்டாம். அதனால் தலைப்பாலை அப்படியே ஊற்றாமல் பாதிக்குப் பாதி இரண்டாம் பால் கலந்துகொள்ளுங்கள். சம்படாக் (பலாவின் இனம்) பழத்தோடு தேங்காய்ப்பாலும் குலா மெலாக்காவும் (தென்னங்கருப்பட்டி) சேர்த்துச் செய்தது இந்த வருடத்தில் என் கையிலிருந்து வந்த நல்ல ஒன்று. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்து பாருங்கள்.

3 ஆகஸ்ட்

ஜாதிக்காய். வெளியூர்க்காரர்கள் கொட்டையை மட்டும் தெரிந்து வைத்திருப்பார்கள். நமக்குச் சதையும் பழம்தான், ஜூஸ் போட்டுக் குடிக்கிறோம், ஊறுகாய் போட்டு சுற்றுலாக்காரர்களிடம் விற்கிறோம். துவர்ப்பு கடுமை. மெல்லியதாகச் சீவி, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்து, பிழிந்து, சீனிப்பாகில் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். மீட்டரில் 27. வடிகட்டிய பாகில் சதைப்பற்று இல்லாததால் கிரீம் மாதிரி வராது, பூப்பூவாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அசாம் பொய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்பு ப்ளம்) ஒன்றை மேலே வைத்து மாமியாருக்குக் கொடுத்தேன். இரண்டாவது தடவை கேட்டார். 29 ஜூன் அன்று நடந்ததோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

17 ஆகஸ்ட்

இரண்டு மாதமாக மிருது மிருது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று வேறு ஒன்று ஞாபகம் வந்தது.

பிறை என்ற ஊரில் நாங்கள் இருந்தபோது அம்மா வீட்டிலிருந்தே ஐஸ்கிரீம் மலேசியா விற்றார். விரல் தடிமனில் நீள பிளாஸ்டிக் பை, புனல் வைத்து ஊற்றி, முனையை முடிச்சுப் போட்டு, பத்து காசு. ரோஸ் சிரப், அசாம் பொய், மைலோ, தேங்காய்ப்பாலில் சிவப்பு பீன்ஸ். ஓரத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவோம். முதல் ஐந்து நிமிடம் தேன். அப்புறம் கையில் மிஞ்சுவது வெள்ளை ஐஸ், நிறமுமில்லை, ருசியுமில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று பையன்கள் அம்மாவிடம் சண்டைக்கு வருவார்கள்.

9 ஜூன் அன்று நான் நீட்டி முழக்கி விளக்கியது இதுதானே. ஐஸ் சீனியைத் தள்ளிவிடுகிறது, பாகு நடுவில் நிற்கிறது. நாங்கள் பாகை உறிஞ்சிவிட்டுத் தண்ணீரைக் குறை சொன்னோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று எழுத வந்தேன். எழுதும்போதே சந்தேகம். தேங்காய்ப்பால் வகைக்கு மட்டும் அவர் சோள மாவு ஒரு கரண்டி கரைத்துக் காய்ச்சுவார். கேட்டால் "அப்பதான் கல்லாகாது" என்பார். மாவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஐஸ் துகள் பெரிதாக விடாது. ஐஸ்கிரீம் போத்தோங் (கட்டியாக வெட்டிய குச்சி ஐஸ்கிரீம்) செய்பவர்கள் பாசிப்பயற்று மாவு போடுவதும் இதற்குத்தான். கடையில் ஸ்டெபிலைசர் என்று சின்னப் பொட்டலத்தில் விற்பதைப் பற்றித் தனிக் குறிப்பு எழுத வைத்திருந்தேன். எழுதவில்லை.

18 ஆகஸ்ட்

அந்த பிளாஸ்டிக் பை இப்போதும் கிடைக்கிறது. கேக் சாமான் கடையில், நூறு ஒரு கட்டு.

5 அக்டோபர்

கேள்வி கேட்டவர் மெஷின் வாங்கிவிட்டாராம். நல்லது. முதல் தடவை கல்லாகத்தான் வந்ததாம், சீனி போடவில்லை.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வர வேண்டும், பிரீசரைக் காலி செய்கிறேன். தட்டு, டப்பா எல்லாம் வெளியே. ஒரு மூலையில் முள்சீத்தா பைகள் பத்து மட்டும் இருக்கின்றன. சதையும் தண்ணீரும் மட்டும், சீனி ஒரு துளியும் போடாதது. ஒரு பையில் மூன்று கரண்டி பழம்கூட வராது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் குத்திப் பார்த்தார் வீட்டுக்காரர், அவர் கணக்குக்குள் இருந்தது. பழத்தில் உள்ள சீனியும் சீனிதான், ஆளுக்கு ஆள் மாறும், இதை யாரும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கல்தான், சந்தேகமில்லை. மத்தியானம் ஒன்றை எடுத்து, அடுப்படி மேடையில் இரண்டு தட்டு தட்டி, முனையைக் கடித்துக்கொண்டு வாசலில் போய் உட்காருகிறார். முடிய அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரமும் வீட்டில் பேச்சே இல்லை. மாமியார் இன்னொரு கட்டு பை வாங்கச் சொல்லியிருக்கிறார்.